நிறுத்தியது யார்

என் மகளுக்குப் பதிவேட்டில் எழுதிய பெயர் வேறு. ஆனால் பிறந்த மூன்றாவது வாரமே அவள் அப்பா அவளுக்குப் 'பீரங்கி' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார். காரணம் அழுகை இல்லை, அழுகைக்கு முன்னால் வரும் சத்தம். ஒரு முழம்கூடத் தேறாத உடம்பிலிருந்து அப்படி ஒரு காற்று வெடித்துக் கிளம்பும் என்று பிள்ளை பெறாதவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். வெடித்துவிட்டால் பிரச்சினை இல்லை. வெடிக்காமல் உள்ளேயே சுற்றுகிற நாளில்தான் எங்கள் பாடு திண்டாட்டம்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பால் குடிப்பாள். ஐந்தரைக்கு ஆரம்பிக்கும். முழங்கால் இரண்டும் வயிற்றோடு ஒட்டும், முகம் சிவக்கும், வயிறு கல்லாகும். பிறகு கத்தல். தோளில் போட்டுத் தட்டினோம், காலைப் பிடித்துச் சைக்கிள் மிதிக்க வைத்தோம், வெதுவெதுப்பான துணியை வயிற்றில் வைத்தோம், முன்கையில் குப்புறப் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தோம். எல்லாமே கொஞ்சம் உதவும், எதுவுமே முழுதாக உதவாது. ஏழு மணி வாக்கில் தானாக ஓய்ந்து தூங்கிவிடுவாள். எங்களுக்குத்தான் அதற்குப் பிறகு சாப்பாடு இறங்காது.

மற்ற வேளைகளிலும் முனகல் உண்டு, நெளிதல் உண்டு. துணியில் போவது பச்சையாக, நுரை நுரையாக இருக்கும். ஆனால் எடை மட்டும் ஜோராக ஏறிக்கொண்டிருந்தது. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. நன்றாகக் குடிக்கிறாள், நன்றாக வளர்கிறாள், பிறகு எதற்கு இந்தப் பாடு படுகிறாள்? உண்மையைச் சொன்னால் அழுகையைவிட அந்தக் கேள்விதான் என்னை அரித்தது. விடை தெரியாத கேள்வியை வீட்டில் வைத்துக்கொண்டு எனக்குத் தூங்க வராது.

அது என் தொழில் புத்தி. துணி தைக்கும் கம்பெனி ஒன்றில் நேரம் அளப்பது என் வேலை. தையல்காரருக்குப் பின்னால் கடிகாரமும் அட்டையுமாக நிற்பேன். காலர் வைக்க எத்தனை விநாடி, பொத்தான் ஓட்டைக்கு எத்தனை, நூலை வெட்ட எத்தனை என்று குறிப்பேன். முகத்துக்கு நேரே என்னை 'வாட்ச்சம்மா' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு பெயர். அது என்னவென்று எனக்குத் தெரியும், அதில் நியாயம் இருக்கிறது என்பதும் தெரியும்.

பிரசவ விடுப்பில் வரும்போது அந்தக் கடிகாரமும் என் கழுத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டது. யாரும் கேட்கவில்லை, நானும் திருப்பிக் கொடுக்கவில்லை. பிறந்த முதல் இரண்டு நாளில் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரி யாரோ, "பத்து பத்து நிமிஷம் குடும்மா" என்று சொன்னாள். மற்றவர்களாக இருந்தால் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருப்பார்கள். நான் அதைச் சட்டமாக்கிவிட்டேன். வலப்பக்கம் பத்து நிமிஷம். கடிகாரம் 'பீப்' என்றதும் வாயோரத்தில் விரலை விட்டு மெல்ல விடுவித்து, இடப்பக்கம் பத்து நிமிஷம். ஒரு பக்கத்துக்கு ஓரவஞ்சனை கிடையாது. இதை நான் யாரிடமும் பெரிதாகச் சொல்லவில்லை. பல் தேய்ப்பதைப் போய் ஒருவர் சொல்லிக்கொண்டிருப்பாரா?

பீரங்கியின் வயிற்றைப் பற்றி ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரரின் அக்கா பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் இருபது வருஷமாகச் சமைக்கிறவர். உலகத்தில் நடக்கிற எல்லாவற்றுக்கும் காரணம் யாரோ எதையோ தின்றதுதான் என்பது அவர் கட்சி. நான் முட்டைகோஸ் தின்றதுதான் காரணம் என்றார். நிறுத்தினேன். பருப்பு என்றார். அதையும் நிறுத்தினேன். பால் விட்ட டீ, பூண்டு, கடலை, முட்டை என்று ஒவ்வொன்றாக, நாலைந்து நாளைக்கு ஒன்று, முறையாக எழுதி வைத்துக்கொண்டு நிறுத்தினேன். ஒரே நேரத்தில் இரண்டை நிறுத்தினால் எது காரணம் என்று எப்படித் தெரியும்? ஆறாவது வாரம் என் தட்டில் வெறும் சோறும் வேகவைத்த கேரட்டும் மிச்சம். பீரங்கி பழையபடியே வெடித்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் எழுந்து நின்றால் கண் இருட்டியது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தபோது கையில் ஒரு பால்மாவு டின் இருந்தது. அதை அலமாரியில் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திட்டுகிற குரலில் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"உன் பால் அவளுக்கு ஒத்துக்கலம்மா. அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. என் சின்னவனும் டின் பால்லதான் வளந்தான், குறைஞ்சா போயிட்டான்? ரெண்டு பேரும் இப்படித் தேயறத என்னால பாக்க முடியல."

சனிக்கிழமை வரை பார்ப்பது, அப்போதும் இப்படியே இருந்தால் ஐந்து மணிக்கு டின்னைத் திறப்பது என்று பேச்சு முடிந்தது. தலையாட்டியவள் நான்தான். பிள்ளை வலியில் துடிக்கும்போது என் பிடிவாதம் பெரிதா என்று தோன்றியது. அவர் போன பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். டின் பாலில் குற்றம் இல்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் பால் கொடுப்பது எனக்குப் பிடித்திருந்தது. அந்தச் சின்ன உள்ளங்கை என் மாரில் படிந்திருக்கும் நேரம் எனக்குப் பிடித்திருந்தது. அதை விட எனக்கு மனசில்லை.

என் வீட்டுக்காரர் குழாய் வேலை செய்கிறவர். சுவருக்குள் எங்கே கசிகிறது என்று சுவரில் காதை வைத்தே சொல்லிவிடுவார். புதன்கிழமை வேலையிலிருந்து வந்ததும் கையைக் கழுவிவிட்டு, கத்திக்கொண்டிருந்த பீரங்கியின் வயிற்றிலும் அப்படியே காதை வைத்தார். நான் எரிச்சலோடு பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். அவள் அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள்.

"லைன்ல காத்து ஏறியிருக்கு," என்றார்.

பெரிய கண்டுபிடிப்பு என்றேன். அது தெருவுக்கே கேட்கிறதே.

"காத்த வெளிய தள்றது பெருசில்ல வாட்ச்சம்மா. அது எங்க ஏறுதுன்னு பாக்கணும். அதப் பாக்கலன்னா நாளைக்கும் இதே வேலதான். நீ என்ன தின்னன்னு எழுதியிருக்க, எப்ப அழுதான்னு எழுதியிருக்க. அவ எப்படிக் குடிக்கறான்னு எழுதினியா?"

எழுதவில்லை. எனக்குச் சுருக்கென்றது. ஒரு வேலையில் குறை இருந்தால் அந்த வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார் என்பதுதான் எங்கள் தொழிலின் பாலபாடம். துணியை எடுப்பது ஒரு துண்டு, வைப்பது ஒரு துண்டு, தைப்பது ஒரு துண்டு. ஊரார் கையை எல்லாம் அப்படிப் பிரித்துப் பார்த்தவள், என் மடியில் நடக்கிற வேலையை ஆரம்பம், முடிவு என்று மட்டும் குறித்துக்கொண்டிருந்தேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான்.

வியாழக்கிழமை அவர் சீக்கிரம் வந்தார். என் பையிலிருந்து கம்பெனிப் படிவம் இரண்டை உருவினேன். கடிகாரத்தை அவர் கழுத்தில் மாட்டினேன். முக்காலியில் உட்கார்ந்து, பென்சிலை நாக்கில் நனைத்துக்கொண்டு, படிவத்தின் கட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். வேலையின் பெயர் என்ற கட்டத்தில் 'பால் குடித்தல்' என்றும், தொழிலாளி என்ற கட்டத்தில் 'பீரங்கி' என்றும் எழுதினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் முதல் சிரிப்பு.

ஐந்து மணிக்கு ஆரம்பித்தோம். நான் பார்ப்பதைச் சொல்வது, அவர் நேரத்தோடு எழுதுவது. வாய் வைத்தாள். முதல் அரை நிமிஷம் லேசாகச் சப்பினாள். பிறகு எனக்குச் சுரீரென்று பால் இறங்கியது. அவள் கண் அகல விரிந்தது. மடக் மடக்கென்று விழுங்கினாள். மூச்சு விட நேரமில்லாமல் விழுங்கினாள். புரையேறி வாயை எடுத்தாள், பால் அவள் நெற்றியில் பீய்ச்சியது. மறுபடி பிடித்தாள். பிடி நழுவும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம். காற்றும் பாலும் சேர்ந்து உள்ளே போகிற சத்தம். இதுவரை அதை நான் கேட்டதே இல்லையா, கேட்டும் கவனிக்கவில்லையா என்று தெரியவில்லை. அவர் படிவத்தில் பதினோரு முறை 'டக்' என்று எழுதியிருந்தார்.

"இங்கதான் ஏறுது," என்று மெதுவாகச் சொன்னார். குரலில் கசிவைக் கண்டுபிடித்த சந்தோஷம்.

ஐந்தாவது நிமிஷத்துக்குப் பிறகு வேகம் அடங்கியது. ஏழாவது நிமிஷம் வேறு மாதிரி ஆனது. இரண்டு மூன்று சப்பல், ஒரு விழுங்கல், ஒரு ஓய்வு. புருவத்துச் சுருக்கம் விலகியது. இறுகியிருந்த கையில் ஒரு விரல் திறந்தது, பிறகு இன்னொன்று. நான் சொல்வதைக்கூட நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வாரமாக இந்த நிமிஷத்தில் நான் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

'பீப்' என்றது. என் விரல் தானாக அவள் வாயோரம் போனது. விடுவித்தேன். அவள் உதடு காற்றில் தேடியது. இடப்பக்கம் மாற்றினேன். மறுபடி அதே வெள்ளம், அதே மடக் மடக், அதே 'டக்'. மறுபடி அடங்கி, விரல் திறக்கிற நேரத்தில் அடுத்த 'பீப்'. எடுத்துத் தோளில் போட்டேன்.

அவர் படிவத்தை முடித்துக்கொண்டிருந்தார். கடைசிக் கட்டத்தில் பென்சில் நின்றது.

"இதுல என்ன போடறது? நிறுத்தியது யார்னு இருக்கே."

அந்தக் கட்டம் எங்கள் படிவத்தில் முக்கியமானது. தையல்காரர் வேலையைத் தானாக முடித்தாரா, அல்லது மேற்பார்வையாளர் நடுவில் கூப்பிட்டு நிறுத்தினாரா என்று அதில் எழுத வேண்டும். நடுவில் நிறுத்தியிருந்தால் அந்த அளவு செல்லாது. படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து அளக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லித் தருவதே அதுதான்.

அந்தக் கட்டத்தை நானும் எட்டிப் பார்த்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான்," என்றேன்.

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்."

ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது முறை. ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கம். ஆறு வாரம். ஒருமுறைகூட அவளாக நிறுத்தியதில்லை. பிறந்ததிலிருந்து ஒரு வேளையைக்கூட என் மகள் தானாகச் சாப்பிட்டு முடித்ததில்லை. வேலியே பயிரை மேய்ந்த கதையாக, காரணத்தைத் தேடித் தேடி என் தட்டைக் காலி செய்த நானே அவள் வாயிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு நடுவே, சொன்னால் தப்பாக நினைக்கக் கூடாது, ஒரு பரபரப்பும் இருந்தது. அதற்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். இதுவரை அளந்தது எதுவும் செல்லாது.

அன்று ஐந்தரைக்கு வழக்கம்போல அழுதாள். நானும் கூடவே கொஞ்சம் அழுதேன்.

வெள்ளிக்கிழமை காலை அவர் கிளம்பும்போது கடிகாரத்தைக் கழற்றி, அவருடைய கருவிப் பையில் போட்டுப் பூட்டச் சொன்னேன். சுவர்க் கடிகாரத்தின் மேல் ஒரு துண்டைப் போட்டேன். வலப்பக்கம் கொடுத்தேன். ஏழெட்டு நிமிஷம் ஆகியிருக்கும் என்று நினைத்ததிலிருந்து என் விரல் துறுதுறுத்தது. விரலை மடக்கித் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்தேன். அவள் சப்பிக்கொண்டே இருந்தாள். ஓய்ந்தாள், மறுபடி சப்பினாள். இரண்டு கையும் முழுசாகத் திறந்துவிட்டன. பிறகு, யாரும் எதுவும் செய்யாமல், அவள் வாய் தானாகக் கழன்றது. தலை பின்னால் சாய்ந்தது. உதட்டோரத்தில் ஒரு சொட்டுப் பால். இடப்பக்கம் காட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எத்தனை நிமிஷம் என்று எனக்குத் தெரியாது.

பகலில் சுகாதார நிலையத்து நர்ஸ் எடை பார்க்க வந்தார். படிவத்தை அவர் கையில் கொடுத்தேன். தராசைக் கீழே வைத்துவிட்டு நின்றபடியே இரண்டு முறை படித்தார். 'டக்' வரிசையைப் பார்த்துச் சிரித்தார். கடைசிக் கட்டத்தில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

பிறகு உட்கார்ந்து விளக்கினார். முதலில் வருகிற பாலில் தண்ணீரும் இனிப்பும் அதிகமாம், போகப்போகக் கொழுப்பு கூடுமாம். எனக்குப் பால் சுரப்பு கொஞ்சம் கூடுதல், வேகமும் கூடுதல். அடங்கி வருகிற நேரத்தில் நான் பக்கம் மாற்றிவிடுவதால், இரண்டு பக்கத்திலும் முதல் பாலையே வயிறு முட்டக் குடிக்கிறாள். எடை அதனால்தான் குறையவில்லை. ஆனால் அவ்வளவு இனிப்பு ஒரேயடியாக இறங்கினால் சின்ன வயிறு சமாளிக்க முடியாமல் பொங்கும், நுரைக்கும், காற்றாகும். அவசரத்தில் விழுங்குகிற காற்று வேறு அதோடு சேர்ந்துகொள்கிறது.

தலையணையை அடுக்கிப் பின்னால் நன்றாகச் சாய்ந்துகொண்டு, பிள்ளையை மேலே கவிழ்த்துப் போட்டுக் கொடுக்கச் சொன்னார். பால் மேல்நோக்கி ஏற வேண்டியிருப்பதால் வேகம் தணியுமாம். நடுவில் அவளே ஓய்கிறபோது தூக்கி ஏப்பம் விட வைக்க வேண்டும். ஒரு பக்கத்தை அவளாக விட்ட பிறகு, வேண்டுமென்றால் அடுத்த பக்கம், வேண்டாமென்றால் அது அடுத்த வேளைக்கு. வாந்தி, காய்ச்சல், மலத்தில் ரத்தம் என்று ஏதாவது கண்டால் உடனே வரச் சொன்னார். எல்லாப் பிள்ளை அழுகைக்கும் இதுவே காரணம் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியாதே என்றும் சொன்னார். ஆளைச் சரியாகத்தான் எடை போட்டிருந்தார்.

கிளம்பும்போது வாசலில் நின்றார். "ரெண்டு பக்கமும் சமமா குடுக்கறேன்னு போன தடவ சொன்னீங்க. நானும் சந்தோஷமா டிக் போட்டுட்டுப் போயிட்டேன். யாரு நிறுத்தறதுன்னு கேக்கத் தோணலம்மா."

அன்று சாயங்காலம் அழுதாள். ஆனால் ஏழு மணி வரை இல்லை. இரண்டு முறை பீரங்கி முழங்கியது, காலை நீட்டினாள், அவ்வளவுதான். ஒரு நாளை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை.

சனிக்கிழமை நாலரைக்கு அக்கா வந்தார். கொதிக்க வைத்த புட்டியும், வெந்நீர் பிளாஸ்க்கும், எங்களுக்கு ஒரு பாத்திரம் நிறையச் சாப்பாடும் கொண்டுவந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை. "பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு டின்னை எடுத்து மேசையில், கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டார்.

நான் சாய்ந்து படுத்துக்கொண்டேன். பீரங்கியை என் மேல் கவிழ்த்துப் போட்டார் அவள் அப்பா. வெள்ளம் வந்தபோது லேசாக இருமினாள், சமாளித்துக்கொண்டாள். 'டக்' இரண்டே முறை. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சமையற்கூடத்தில் அடுப்பைப் பார்ப்பது போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு ஏப்பம் வந்தது, அதற்குக்கூட யாரும் சிரிக்கவில்லை. மறுபடி பிடித்தாள், மெதுவாகக் குடித்தாள். விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வாய் தானாகக் கழன்றது.

"எவ்வளவு நேரம் குடிச்சா?" என்று அக்கா கேட்டார்.

"தெரியாதுக்கா," என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டு என் வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அக்கா குனிந்து அந்த முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"எங்க ஸ்கூல்ல சாப்பாட்டு நேரம் முடிஞ்சுதுன்னு பெல் அடிப்பாங்க. சின்னதுங்க பாதித் தட்டோட எந்திரிச்சுப் போகும். அந்த முகத்த நான் இருபது வருஷமா பாக்கறேன். இவளுக்கும் அந்த முகந்தான் இருந்திருக்கு. எனக்கே தெரியாமப் போச்சே."

ஐந்தரை ஆனது. மூன்று பேரும் காத்திருந்தோம். பீரங்கி ஒருமுறை நெளிந்தாள், ஒரு குண்டு போட்டாள், என் மார்மேலேயே தூங்கிப்போனாள். ஐந்தே முக்காலுக்கு அக்கா எழுந்து டின்னைத் தன் பையில் போட்டார். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு தாய்க்கு உண்மையிலேயே தேவைப்படுகிறது, கொடுத்துவிடுகிறேன் என்றார்.

அவர் தம்பி வியாழக்கிழமைப் படிவத்தைக் கிழித்தார். புதுப் படிவத்தில் நேரத்துக்கான கட்டங்களை வெறுமையாக விட்டு, கடைசிக் கட்டத்தில் மட்டும் 'தொழிலாளி' என்று எழுதினார். அப்படி ஒரு படிவம் என் மேசைக்கு வந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். அதில் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு அக்கா ஒரு தட்டு கொண்டுவந்தார். சோறு, பருப்பு, முட்டைகோஸ், முட்டை, பூண்டு, நான் நிறுத்தி வைத்திருந்தது எல்லாம் அதில் இருந்தது. பிள்ளையைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். எனக்குப் பசி கண்ணை மறைத்தது. முதல் தட்டு போன இடம் தெரியவில்லை. இரண்டாவது தட்டின் பாதியில் கை தளர்ந்து ஓய்ந்தபோது, எடுத்துவிடலாமா என்று அவர் தம்பி கையை நீட்டினார்.

"வைடா தட்ட," என்றார் அக்கா. "அவளே போதும்னு சொல்லட்டும்."